மீந்த பத்திரிகைகள்

ஐநூறு அடித்தார்கள், நூற்று நாற்பது மீந்தது.
மாப்பிள்ளை இப்போது திருப்பூரில்.
அவரும் கேட்கவில்லை, நானும் எரிக்கவில்லை.
நல்ல கெட்டி அட்டை.

செருப்புக் கடையில் வாங்கிய வட்ட உளியை வைத்து
ஓங்கி ஒரு தட்டு.
‘திருவளர்செல்வி’யில் ‘வளர்’ மட்டும் வந்தது.
அடுத்த தட்டில் முகூர்த்த நேரம், பாதி.
பித்தளைக் கூட்டில் கரிமருந்து,
அதன்மேல் அட்டை, கம்பளித் துண்டு, மறுபடி அட்டை.
ரவை போடுவதில்லை.
பன்றி செத்தால் ரேஞ்சருக்குப் பதில் சொல்ல வேண்டும்.
சத்தத்துக்கு யாரும் கேஸ் எழுத முடியாது.

அப்பாவின் லைசென்ஸ் என் பேருக்கு மாற
மூன்று வருஷம், பதினோரு கையெழுத்து.
பெல்ஜியத்து இரட்டைக்குழல்.
இரும்பு நாடாவையும் எஃகு நாடாவையும்
முறுக்கிச் சடைபோட்டுக் கம்பியில் சுற்றி
சிவக்கச் சிவக்க அடித்து ஒட்டியது.
மேலெல்லாம் சுழி சுழியாய்,
மழை விட்ட மறுநாள்
கரம்பையில் தண்ணீர் வடிந்த தடம்.

மதுரையில் கடைக்காரர் தனுஷ்கோடி
குழலைக் கழற்றி, நூலில் தொங்கவிட்டு
நகத்தால் சுண்டினார்.
கணீரென்று நின்று ஒலித்தது.
பக்கத்தில் நின்றவர் செல்போனை எடுத்துப் பார்த்தார்.
‘சத்தம் பாதிதான் சொல்லும்’ என்று
சுவர் கனத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்.
‘கரிமருந்து மட்டும்தான்மா.
புது மருந்து அவசரக்காரன்,
இந்தச் சடையைப் பிரிச்சுருவான்.’
அப்படியும் நம்பவில்லை நான்.
முதல் வெடி, டிராக்டர் டயரில் கட்டிவைத்து
கிணற்றுச் சுவருக்குப் பின்னாலிருந்து
கயிறு இழுத்து.

தேர்தல் அறிவித்த அன்று சாயங்காலமே போன்.
சாப்டூர் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.
ரைட்டர் முத்திருளாண்டி படித்துக்கொண்டே எழுதினார்:
‘குழல் இரண்டும் முழுக்கத் துரு.’
‘துரு இல்லை சார், அது பின்னல்.’
‘எழுதிட்டேன்மா. அடிச்சுத் திருத்தினா ஐயா கேட்பாரு.’
போட்டேன் கையெழுத்தை.

முப்பத்தெட்டு நாள்.
தகரம் தட்டினேன். இரண்டாம் ராத்திரியே
பன்றிகளுக்குத் தகரம் பழகிவிட்டது,
எங்களுக்கு ஆட்டோ மைக் பழகியதைப் போல.
மலையடிப் பக்கம் அரை ஏக்கர் கடலை
உழுதுபோட்டது மாதிரி கிடந்தது.

ஓட்டு எண்ணி முடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.
புதுசாக வந்த கான்ஸ்டபிள், சின்னப் பையன்,
முகமெல்லாம் சிரிப்பு:
‘துருவெல்லாம் எடுத்துட்டேன்க்கா.’
உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான்.
வலது குழல் எவர்சில்வர் டம்ளர்.
இடதுக்கு வருவதற்குள்
பந்தோபஸ்துக்கு வண்டியேற்றிவிட்டார்கள்.

திட்ட வாயெடுத்தேன்.
அவன் விரல் நுனிகள் தேய்ந்து சிவந்திருந்தன.
‘டீ சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மறுபடி மதுரை, மறுபடி அளவு.
கனம் போகவில்லை. மினுக்கம்தான் வந்திருக்கிறது.
‘ஆசிட் தடவினா அந்தச் சுழி அப்படியே எழும்பும்,
உள்ளே வரைக்கும் ஓடுதுல்ல’ என்றார் தனுஷ்கோடி.
கூலி ஆயிரத்து எண்ணூறு.
கடலை போட்ட பிறகு பார்க்கலாம்.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு உறுமல்.
வரப்பில் நின்று வானம் பார்த்து
வழுக்கையை முதலில், சடையைப் பிறகு.
தோளில் ஒரு தள்ளு,
வெள்ளைப் புகை என்னையும் மறைத்து நின்றது.
அவை ஓடியதை நான் பார்க்கவில்லை,
வேலி முள் முறிந்ததைக் கேட்டேன்.

விடிந்து போனால்
குளம்படிகளுக்கு நடுவே, கொடியின் மேல்
ஓரம் கருகிய ஒரு வட்டம்:
‘சுற்றமும் நட்.’

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.
இன்னும் அறுபத்தொன்று இருக்கிறது.
ரெண்டு தேர்தலுக்குத் தாங்கும்.